மாலையைக் கழற்றியதும் சிகரெட் ஏன் திரும்பி வருகிறது?

கேட்டவர் சொன்ன விவரம் இது. வயது 36. பதினாறு வருடப் பழக்கம், ஒரு நாளைக்கு 12 முதல் 15 சிகரெட். எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னாலேயே முதல் சிகரெட். ஆனால் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளும் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டீக்கடையில் மறுபடி ஆரம்பம். மூன்று வருடமாக இதே கதை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் விட முடியுமா, நிகோட்டின் கம் உண்மையிலேயே வேலை செய்யுமா என்று கேட்கிறார்.

முதலில், "உனக்கு மனக்கட்டுப்பாடு பத்தாது" என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று முறை 41 நாள் நிறுத்தியவருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. உடம்பின் கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மூன்று நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாத தவிப்பு எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தணியும். வருடக்கணக்கில் புகைத்ததால் மூளையில் கூடிப்போன நிகோட்டின் ஏற்பிகளும், அதாவது நிகோட்டின் வந்து உட்காரும் இடங்களும், சில வாரங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். அதாவது 41ஆம் நாள் நீங்கள் மாலையைக் கழற்றும்போது உங்கள் உடம்பு சிகரெட்டைக் கேட்கவில்லை.

அப்புறம் எது கேட்டது? விரதத்தில் உங்களைச் சுற்றி என்னவெல்லாம் மாறியிருந்தது என்று யோசியுங்கள். விடியற்காலையில் குளியல், அதனால் எழுந்ததும் பற்றவைக்கும் சிகரெட்டுக்கு இடமில்லை. சரக்கு கிடையாது, அதனால் அதோடு வரும் நான்கைந்து சிகரெட்டும் கிடையாது. சாயங்காலம் டீக்கடைக்குப் பதிலாகப் பூஜை. வேட்டியும் துளசி மணியும் பார்த்த நண்பர்கள் பாக்கெட்டை நீட்டவே மாட்டார்கள்; பெட்டிக்கடைக்காரர்கூட "என்ன சாமி" என்றுதான் கேட்பார். உங்கள் பழக்கத்தின் கொக்கிகள் அத்தனையையும் விரதம் கழற்றி வைத்திருந்தது. மாலையைக் கழற்றிய அன்று எல்லாக் கொக்கிகளும் ஒரே சாயங்காலத்தில் திரும்பி வந்தன, அந்த நாளுக்கென்று உங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. போதாக்குறைக்கு, முதல் நாளிலிருந்தே மனசுக்குள் ஒரு முடிவுத் தேதி இருந்தது. நோன்பு காலத்தில் பகல் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் பற்றவைப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

ஆக உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. நிகோட்டினை இறக்குவது ஒரு மாத வேலை. அதற்கு மருந்து உண்டு. கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது இன்னொன்று. அது நாலைந்து மாதம் இழுக்கும், அதற்குக் கடையில் மருந்து கிடையாது. பெரும்பாலானவர்கள் முதல் வேலையை முடித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

குறைத்துக் குறைத்து விடுவதைப் பற்றி: உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். 15ஐ 7 ஆக்கினால் அந்த ஏழையும் அடிவரை, ஆழமாக, நெஞ்சில் தேக்கி இழுப்பீர்கள். உடம்பு தனக்கு வேண்டிய நிகோட்டினை எப்படியும் வாங்கிக்கொள்ளும். 'லைட்' சிகரெட்டுக்கு மாறினாலும் இதே கதைதான். மிச்சமிருக்கும் ஒவ்வொரு சிகரெட்டின் ருசியும் கூடிவிடுவது இதில் இன்னொரு தொல்லை. இங்கிலாந்தில் சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து விட்டவர்களில் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் 39 சதவீதம். குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம். "ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதனால் என்ன" என்பதும் சரிப்படாது. தினம் ஒன்று புகைப்பவருக்குக்கூட, 20 புகைப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடுகிறது.

அடுத்த கார்த்திகைக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். கல்யாணம், கணக்கு முடிக்கும் வாரம், ஊர்த் திருவிழா இல்லாத நாளாக இருந்தால் நல்லது. ஆனால் "டென்ஷன் இல்லாத மாதம்" வரட்டும் என்று பார்த்தால் அது வரவே வராது.

அதற்குமுன் மூன்று நான்கு நாள் ஒரு சின்ன வேலை. வழக்கம்போல் புகையுங்கள், ஒவ்வொரு சிகரெட்டுக்கும் போனில் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணி, எங்கே, யாரோடு, கை உண்மையிலேயே தவித்ததா அல்லது சும்மா பற்றவைத்தீர்களா. 15 சிகரெட்டில் நாலைந்துதான் உடம்பு கேட்டது, மற்றதெல்லாம் இடம் கேட்டது என்று தெரியவரும். தவித்தவற்றுக்கு மருந்து, இடம் கேட்டவற்றுக்கு இடமாற்றம்.

இப்போது கம். வேலை செய்யுமா என்றால், செய்யும். ஆனால் "வாங்கி மென்றேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சாதாரண சூயிங் கம் போல மென்றிருப்பார்கள். கம்மில் இருக்கும் நிகோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். வேகமாக மென்றால் அது எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அங்கிருந்து கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். பலன் குறைந்து விக்கல், தொண்டை எரிச்சல், நெஞ்சுக் கரிப்பு மட்டும் மிஞ்சும். சரியான முறை இதுதான். வாயில் போட்டு மெதுவாகக் கடியுங்கள். பத்துப் பதினைந்து கடியில் மிளகு கடித்த மாதிரி ஒரு காரம், சுருக்கென்று தெரியும். உடனே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போல ஆனதும் காரம் அடங்கும். மறுபடி நாலைந்து கடி, மறுபடி காரம், இந்த முறை அடுத்த பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். அதன்பின் கடித்தாலும் காரம் வராது, துப்பிவிடலாம்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு, கம் போட்டுக்கொண்டே காபி குடிப்பது. காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா, குளிர்பானம் எல்லாம் வாயைப் புளிப்பாக்கும். புளிப்பான வாயில் நிகோட்டின் கன்னத்தில் ஏறாது. கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, மென்று முடிக்கும்வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். வாய் சும்மா இருக்கக் கூடாது என்று நெல்லிக்காய்த் துண்டைக் கடிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அளவு: எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., அதற்குப் பிறகு பற்றவைப்பவருக்கு 2 மி.கி. என்பதுதான் கணக்கு. பல் விளக்குவதற்கு முன்பே பற்றவைக்கும் உங்களுக்கு 4. இந்தியாவில் 2 மி.கி. கம் மெடிக்கலில் சீட்டில்லாமலே கிடைக்கும், 4 மி.கி. கம்முக்கு டாக்டர் சீட்டு வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஒன்பதுக்குக் குறையாமல். ஏழாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம்வரை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. பத்து முதல் பன்னிரண்டு வரை நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. எந்த நாளிலும் 24ஐத் தாண்டக் கூடாது. இங்கேதான் இரண்டாவது தவறு: தவிப்பு தலைக்கேறிய பிறகு ஒன்று, ஆக நாளுக்கு இரண்டு மூன்று என்று மென்றுவிட்டு "பலன் இல்லை" என்பது. சிகரெட்டில் இழுத்த நிகோட்டின் பத்திருபது வினாடியில் மூளைக்குப் போகும்; கம் அந்த வேலையைச் செய்ய 20, 30 நிமிடம் ஆகும். ஆகவே தவிப்பு வரும் நேரத்துக்கு முன்பே, கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். 11 மணி டீ உங்களுக்குச் சிகரெட் நேரம் என்றால், கம் 10 மணிக்கே வாய்க்குப் போக வேண்டும். அரை மணியில் துப்பிவிட்டு, டீயைத் தாராளமாகக் குடிக்கலாம்.

தோலில் பிளாஸ்திரி போல ஒட்டும் நிகோட்டின் பட்டையும் உண்டு. எல்லா மெடிக்கலிலும் இருக்காது, சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவருக்கு 21 மி.கி. பட்டை ஆறு வாரம், பிறகு 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். காலையில் முடியில்லாத, உலர்ந்த தோலில், தோளிலோ மேல்கையிலோ ஒட்டி, அடுத்த நாள் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் கழன்றுவிடும் என்பது உண்மை. ஒட்டியதும் பத்து வினாடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் ஓரளவு நிற்கும். இரவில் கனவுகள் தொல்லை கொடுத்தால் படுக்கும்முன் எடுத்துவிடலாம். பட்டை நாள் முழுக்க அடித்தளமாக, அதன்மேல் தவிப்பு நேரத்துக்கு மட்டும் கம் என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது, தனியாக ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. உங்கள் அளவுக்குப் புகைப்பவருக்கு இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன், டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், தாடை மூட்டில் பிரச்சினை உள்ளவர்கள் இவற்றைத் தாமாகத் தொடங்கக் கூடாது. கம்மைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும்.

"நிகோட்டினை விடுவதற்கு நிகோட்டினா?" என்று கேட்பார்கள். புற்றுநோயையும் அடைப்பையும் கொண்டுவருவது பெரும்பாலும் புகையில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்றவையும்தான். நிகோட்டினின் வேலை உங்களைப் பிடித்து வைத்திருப்பது. கம்மில் அது மெதுவாக, குறைவாக ஏறுவதால் அந்தப் பிடி தளர்கிறது. விலை பார்த்துத் தயங்கினால் ஒரு கணக்கு: ஒரு சிகரெட் 20 ரூபாய் என்று வைத்தாலும் 12 சிகரெட்டுக்கு நாளுக்கு 240, வருடத்துக்கு 87,600 ரூபாய். கம் மூன்று மாதச் செலவு; அதோடு தீர்ந்தது.

மாத்திரை வழியும் இருக்கிறது. டாக்டர் சீட்டு கட்டாயம். வரெனிக்ளின் என்ற மாத்திரை, நிகோட்டின் உட்காரும் அதே ஏற்பியில் தான் உட்கார்ந்துகொண்டு தவிப்பைத் தணிக்கும். இடையில் ஒன்று புகைத்தாலும் அந்தச் சுகம் கிடைக்காமல் செய்யும். குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்: முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, நான்கு முதல் ஏழு நாள்வரை 0.5 மி.கி. இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். குமட்டல்தான் பெரிய புகார். வெறும் வயிற்றில் போட்டால் அது கூடும். சாப்பாட்டுக்குப் பின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைப்பார்கள். புப்ரோபியன் இன்னொன்று, வலிப்பு வந்தவர்களுக்கு அதைத் தரக் கூடாது, ஆகவே சின்ன வயதில் ஒருமுறை வந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காபியில் உள்ள கஃபீனை வேகமாகச் சிதைக்க வைக்கும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும். நீங்கள் குடிப்பது அதே நாலு காபிதான், ஆனால் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி இரண்டு மணிவரை தூக்கமில்லை என்றால், "சிகரெட் இல்லாமல் என்னால் முடியாது" என்று முடிவுகட்டுவதற்கு முன் காபியையும் டீயையும் பாதியாக்கிப் பாருங்கள். மதியம் மூன்றுக்கு மேல் இரண்டுமே வேண்டாம். இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் மாறும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை, மனநலத்துக்கு க்ளோசபின் அல்லது ஓலன்சபின் எடுப்பவர்கள் சிகரெட்டை விடும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும், இறங்கக்கூடும்.

குறித்த நாளுக்கு முந்தின ராத்திரி, மிச்சம் இருக்கும் சிகரெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். "அவசரத்துக்கு ஒன்று" என்று வைத்தால் அது அவசரத்தைத் தேடிக்கொள்ளும். லைட்டர், ஆஷ்ட்ரே, பைக் பெட்டியில் கிடக்கும் தீப்பெட்டி எல்லாம் போகட்டும். புகை நாற்றம் ஏறிய ஹெல்மெட், ஜாக்கெட்டைத் துவைத்துவிடுங்கள். பெட்டிக்கடையில் கணக்கு இருந்தால் தீர்த்துவிட்டு, "அண்ணே, இனிமே நான் வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் கொடுப்பாரோ மாட்டாரோ, அங்கே போய்க் கேட்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும்; நமக்கு வேண்டியது அந்தக் கூச்சம்தான். நம் ஊரில் சிகரெட் சில்லறையாக, ஒற்றை ஒற்றையாகக் கிடைப்பது பெரிய ஆபத்து. பாக்கெட் வாங்குவதென்றால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒற்றைச் சிகரெட்டை யோசிக்காமலே வாங்கிவிடலாம், கடையில் தொங்கும் கயிற்றில் நெருப்புகூடத் தயாராக இருக்கும்.

காலைச் சிகரெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அது இல்லாமல் வயிறு இளகாது" என்பதற்காகவே திரும்பிப் போனவர்கள் ஏராளம். இது வெறும் நினைப்பில்லை. நிகோட்டின் குடலை உண்மையாகவே முடுக்கும், நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று வாரம் மலச்சிக்கல் வரலாம். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் ஒரு பூவன் பழம், பகலில் கீரையும் கொய்யாவும். போதவில்லை என்றால் படுக்கும்முன் ஒரு ஸ்பூன் இசப்கோலை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். எழுந்த இடத்திலேயே பட்டையை மாற்றிவிட்டு நேராகக் குளிக்கப் போங்கள். மாலை போட்ட நாட்களில் உங்களைக் காப்பாற்றியது இந்தக் குளியல்தான். விரதம் இல்லாமலும் அது வேலை செய்யும்.

டீக்கடையை ஒரு மாதத்துக்கு மாற்றுங்கள். முடியாது, எல்லோரும் அங்கேதான் என்றால், புகைப்பவர்கள் நிற்கும் பக்கத்தை விட்டு பெஞ்சில் உள்ளே உட்காருங்கள். டம்ளரைச் சிகரெட் பிடிக்கும் கையில் பிடியுங்கள். டீ முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அங்கே நின்று பேசும் அந்தப் பத்து நிமிடம்தான் கண்ணி. சாப்பாட்டுக்குப் பின் பற்றவைப்பவர்கள் இலையை எடுத்ததும் எழுந்து பத்து நிமிடம் வேகமாக நடந்தால் போதும். சாதாரண நடைதான், ஆனால் தவிப்பைக் குறைப்பதில் நன்றாகவே உதவுகிறது. ஒரு தவிப்பு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். நீங்கள் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அது இறங்கத்தான் போகிறது. வாய்க்குக் கிராம்பு, ஏலக்காய், சோம்பு போதும். மிட்டாயாகச் சப்பினால் எடை கூடும்.

பாக்குக்கும் போக வேண்டாம். ஹான்ஸ், கூல் லிப் என்று வாயில் ஒதுக்கும் எதுவும் வேண்டாம். அதுவும் புகையிலைதான், வாய்ப் புற்றுநோய் அந்த வழியில் வருகிறது. 'மூலிகை' சிகரெட்டில் நிகோட்டின் இல்லாவிட்டாலும் எரியும் எந்த இலையும் தாரும் கார்பன் மோனாக்சைடும் தரும். இ-சிகரெட் விற்பனை இந்தியாவில் 2019 முதல் தடை. கள்ளச் சந்தையில் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

வீட்டில் சொல்லிவிடுங்கள்: "ஒரு வாரம் எரிஞ்சு விழுவேன், கண்டுக்காதீங்க." இரண்டாம் மூன்றாம் நாள்தான் மோசம். பிள்ளையின் வீட்டுப்பாடம், கேஸ் சிலிண்டர் தாமதம், எதற்கும் கோபம் வரும். இருமல் கூடினால் பயப்படாதீர்கள்; புகையில் செயலிழந்து கிடந்த மூச்சுக்குழாய் நுண்முடிகள் மறுபடி வேலை செய்து சளியை மேலே தள்ளுகின்றன. வாய்ப்புண் வரலாம், பசி கூடும். ஒரு வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுகிறது. முதல் மாதத்திலேயே பட்டினி கிடந்து அதையும் சேர்த்துத் தடுக்கப் பார்க்காதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு சண்டை வேண்டாம். சிகரெட் பிடிப்பது போலக் கனவு வந்து திடுக்கிட்டு எழுவீர்கள். அது பலருக்கும் வருவதுதான். ஆனால் சளியில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கம்மல், காரணமில்லாமல் எடை குறைவது இவை சிகரெட்டை விட்டதால் வருபவை அல்ல; உடனே காட்ட வேண்டும். சோகம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் அப்படியே.

இதற்கு நடுவில் நல்லதும் நடந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஒரே நாளில் சாதாரண அளவுக்கு இறங்கும். சில நாளில் ரசத்தில் சீரகம் தனியாகத் தெரியும். ஒரு வருடத்தில், புகைப்பவருக்குக் கூடியிருக்கும் இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். பிரிட்டன் மருத்துவர்களை 50 வருடம் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்ட கணக்கு, 40 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 9 வருட ஆயுள் மிச்சமாவதாகச் சொல்கிறது. 60இல் விட்டவர்களுக்கும் 3 வருடம் மிச்சம். உங்களுக்கு இப்போது 36தான்.

ஐந்தாம் வாரத்துக்கு மேல்தான் உங்கள் உண்மையான ஆபத்துக் காலம். மூன்று முறையும் நீங்கள் விழுந்தது அங்கேதான். அதற்கான ஏற்பாட்டைத் தவிப்பில்லாத ஒரு நாளில், இப்போதே எழுதி வையுங்கள். முதல் இரண்டு மாதம் சரக்கு வேண்டாம். இரண்டாவது ரவுண்டில் "ஒண்ணே ஒண்ணு" என்று கை நீளும், அந்த நேரம் கட்டுப்பாட்டைத் தேடினால் கிடைக்காது. பழைய நண்பன் பாக்கெட்டை நீட்டினால் "விட்டுட்டேன்டா" என்று முடித்துவிடுங்கள். "விடப் பாக்குறேன்" என்று சொன்னால் அவன் இன்னொரு முறை நீட்டுவான். சாவு வீடு, ஆஸ்பத்திரி வராண்டா, கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், ராத்திரி பஸ் நிற்கும் மோட்டல்: எப்போதாவது வரும் இடங்கள் என்பதால் இவற்றில் கொக்கி கழன்றிருக்காது. அங்கே போகும்போது சட்டைப் பையில் கம் இருக்கட்டும், ஆறாம் மாதமானாலும் பரவாயில்லை. கம், பட்டையை "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மூன்றாம் வாரத்திலேயே நிறுத்துவது மூன்றாவது பெரிய தவறு. நன்றாக இருப்பதே அவற்றால்தான். கம் என்றால் பன்னிரண்டு வாரம், பட்டை என்றால் பத்து வாரம், முழுதாக முடியுங்கள்.

தனியாகச் செய்ய வேண்டியதில்லை. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் அது, தமிழில் பேசலாம். தேதி குறிப்பதிலிருந்து உடன் இருந்து, குறித்த நாளுக்குப் பிறகும் அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதலே இதற்கென்று மையம் இருக்கிறது. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உண்டு. மனநலப் பிரிவிலோ நெஞ்சக நோய்ப் பிரிவிலோ கேளுங்கள். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஒரு வருடம் தாண்டுபவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது.

எங்கேயாவது ஒன்றைப் புகைத்துவிட்டால், அதற்காக எல்லாம் போயிற்று என்று பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். கையில் இருப்பதைக் காலில் போட்டு மிதித்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகருங்கள். பட்டை ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். ஒரு சிகரெட்டுக்காக அதைப் பிடுங்க வேண்டாம். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று போனில் அதே பட்டியலில் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் முன்பு கவனிக்காத ஒரு கொக்கி அதில் தெரியும். புது தேதி, புது வருடம், அடுத்த கார்த்திகை எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளித்துவிட்டு, அடுத்த கம் எத்தனை மணிக்கோ அத்தனை மணிக்குப் போடுங்கள்.